மெஷின் காட்டும் முக்கால் கிலோ

எடை மெஷினைத் திட்டாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மஞ்சூர் பஜாரை ஒட்டிய சின்ன கிளினிக் ஒன்றில் சர்க்கரை, பிரஷர்காரர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று சொல்லி முடிக்க அரை மணி நேரம் போதும். மீதி மாதமெல்லாம், “நேத்தைவிட இன்னைக்கு அரைக் கிலோ கூடிருச்சே” என்று முகம் சுருங்கி வருபவர்களை உட்கார வைத்துப் பேசுவதில்தான் போகிறது.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவேன். உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். சோற்றைப் பாதியாக்கி, டீயில் சர்க்கரையை விட்டு, சாயங்கால வர்க்கியையும் மறந்து ஒருவர் தினம் 500 கலோரி குறைக்கிறார் என்று வையுங்கள். அன்றைக்கு அவருக்குக் கரைவது சுமார் 65 கிராம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம், 100 கிராமாகத்தான் ஏறி இறங்கும். நேற்றுப் பட்ட பாடு அதன் கண்ணுக்கே தெரியாது. காலையில் அது காட்டும் ஏற்ற இறக்கமெல்லாம் தண்ணீரும் உப்பும், வயிற்றிலும் குடலிலும் இருப்பதும்தான்.

உப்புக் கணக்குக்கு சலைன் பாட்டிலை எடுத்துக் காட்டுவேன். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறத்தாழ அந்தச் செறிவைத்தான் காத்துக்கொள்ளப் பார்க்கும். ராத்திரி கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாக நாலைந்து கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதைக் கழித்து முடிக்கும்வரை அரை லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். அரை லிட்டர் என்றால் அரைக் கிலோ. மாவுச்சத்துக்கு வேறு கணக்கு. அது கிளைக்கோஜனாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் சேரும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூட்டி வைத்துக்கொள்ளும். ஹெத்தையம்மன் பண்டிகை விருந்து முடிந்த மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறி வருகிறவர்கள் உண்டு. அவ்வளவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 11,000 கலோரிக்கும் அதிகமாகத் தின்றிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் பேலியோக்காரர்களின் முதல் வாரம். சோற்றை நிறுத்தியதும் கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் இறங்கி, மெஷினில் இரண்டு மூன்று கிலோ காணாமல் போகும். அந்த முதல் வார எண்ணை விளம்பரப் பலகையில் போட்டுக் காசு பார்ப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஒரே ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது திரும்பி வரத் தொடங்கிவிடும். வந்ததும் குற்ற உணர்ச்சியோடு டயட்டையே விட்டுவிடுவார்கள்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ கூடுவது சாதாரணம். இரண்டு நாள் மலச்சிக்கலும் எடையில் தெரியும். எங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, அது சரிவு. புதிதாக நடக்கத் தொடங்குபவர் குந்தா பாலம்வரை இறங்கிப் போய் ஏறி வருவார். இறக்கத்தில் தொடைத் தசை பிரேக் போட்டுப் போட்டு நைந்துவிடும். மறுநாள் வலி, தசையில் லேசான வீக்கம், அதற்கான தண்ணீர். “நடந்தா எடை கூடுது” என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது.

போன மழைக்காலத்தில், சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஓர் அக்கா கோபமாக வந்தார்.

“ராத்திரி ரெண்டே சப்பாத்திதானுங்க சிஸ்டர். காலைல முக்கா கிலோ ஏறிக் கெடக்கு. இந்த டயட்டே வேண்டாம்.”

“மழைல பறிச்ச இலையக் கொண்டுபோனா என்னக்கா பண்றாங்க?”

“தண்ணிக்குக் கழிச்சுக்குவாங்க.”

“ஏன் கழிக்கறாங்க?”

“தண்ணிக்கு எவன் காசு குடுப்பான்?” சொன்னவர், சட்டென்று சிரித்துவிட்டார். “அப்ப எனக்கும் கழிச்சுக்கங்க.”

நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலையை வாடவைத்து, அரைத்து, உலர்த்தினால்தான் ஒரு கிலோ தூள் என்பது தெரிந்த ஊரில் தண்ணீர் எடையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலைக்குச் சரி, உடம்புக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ள மனசு வராது, அவ்வளவுதான்.

எடை பார்க்கிற முறையில் நான் கறார். காலையில் கழிப்பறை போய் வந்தபின், டீ குடிக்கும் முன், சமதளமான சிமென்ட் தரையில், தினமும் அதே இடத்தில். ஸ்வெட்டர், சால்வை, குல்லாய் எல்லாம் கழற்றிவிட வேண்டும். இந்தக் குளிரில் கம்பளியே ஒரு கிலோ வரும். ஒரே மெஷின்தான். கோயம்புத்தூரில் மகள் வீட்டு மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டுகிறது, மலையில் எடை குறையுமோ என்று ஒருவர் கேட்டார். உயரத்தில் புவியீர்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் 70 கிலோ ஆளுக்கு இங்கும் அங்கும் உள்ள வித்தியாசம் இருபது, முப்பது கிராம். மீதியெல்லாம் மெஷினின் கைவரிசை.

பிறகு சராசரி. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்த ஒற்றை எண்ணைப் போன வார எண்ணோடு ஒப்பிடச் சொல்வேன். கணக்கில் ருசியுள்ளவர்களுக்கு ஜான் வாக்கரின் வழி. ஆட்டோடெஸ்க் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், 1991இல் எழுதிய ‘ஹேக்கர்ஸ் டயட்’ என்ற நூலில் சொன்னது இது: நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள். போக்கு 74, இன்று மெஷின் 74.8 என்றால் புதிய போக்கு 74.08. 800 கிராம் பயம் 80 கிராமாகிவிடும். இங்கே ஒரு மளிகைக் கடைக்காரர் இதைப் பற்று வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாள் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். வாரச் சராசரி நாலு வாரமாக அசையவில்லை என்றால் அப்போதுதான் தட்டில் கை வைப்பேன். அதற்கு முன் யார் அழுதாலும் சாப்பாட்டை மாற்றுவதில்லை.

எல்லா ஏற்றத்தையும் “தண்ணிதான்” என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது டாக்டர் பார்க்க வேண்டிய தண்ணீர். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். எடை இறங்குவதிலும் இப்படி உண்டு. முயற்சியே இல்லாமல் மளமளவென்று இளைத்ததில் பூரித்துப்போய் வந்த ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. அவருக்குப் பாராட்டு கிடையாது, அன்றைக்கே மருந்துதான்.

சிலருக்குச் சராசரி, போக்கு எதுவும் உதவாது. எண் ஏறினால் அன்று முழுக்கப் பட்டினி, இறங்கினால் ராத்திரி பரோட்டா. அவர்கள் வீட்டு மெஷினைப் பரணில் போடச் சொல்லிவிட்டு டேப்பைக் கையில் கொடுத்துவிடுவேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. டேப்பும் இழுக்கிற இழுப்பில் ஒரு சென்டிமீட்டர் முன்னேபின்னே போகும். அதனால் மாதம் ஒரு தடவைதான், அதுவும் என் முன்னால்.