பொன்முகலியில் ஒரு வாய்த் தண்ணீர்

திருப்பதிப் பக்கத்துத் தலக்கோனாவுக்குப் போகிறவர்கள் அருவியை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குக் குனிந்து பார்க்கிற கோளாறு. மலை ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் பெரிய குடித்தனமே இருக்கும். தட்டை உடம்பு, நீட்டிய மெல்லிய வால்கள், வயிற்றோரம் ஓயாமல் துடிக்கும் செவுள்கள்: மேஃப்ளையின் குஞ்சு. மாதக்கணக்கில் நீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்ததும் ஒருநாள் கூத்தோடு கதை முடிந்துவிடும். அந்த ஒருநாளும் பட்டினிதான். தின்ன வாய் வேலை செய்யாது.

ஆற்றுநீர் எவ்வளவு சுத்தம் என்று அறிய, இப்படிப்பட்ட பூச்சிகளுக்கு மார்க் போடுகிறார்கள். பிரிட்டனில் 1976இல் அமைந்த குழு வகுத்த கணக்கு. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவி ஒன்று வைத்திருக்கிறது. அழுக்கைத் தாங்காத மேஃப்ளைக் குடும்பங்களுக்கு 10. மீன் தொட்டிக்காரர்கள் வாங்குகிற சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அது சாக்கடையிலும் மூச்சு விட்டுவிடும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிஷத்தை மட்டுமே சொல்லும். ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் மூடிவிடுகிற சாமர்த்தியம் அதனிடம் பலிக்கும். அங்கேயே குடியிருக்கும் பூச்சியிடம் பலிக்காது.

திருப்பதியை ஒட்டிப் போகும் ஸ்வர்ணமுகிதான் பெரியபுராணத்தின் பொன்முகலி. வேடன் திண்ணன் காளத்தி மலைச் சிவனுக்கு நீர் கொண்டுபோனது இதிலிருந்துதான். ஒரு கையில் வில், மறு கையில் இலையில் பொதிந்த இறைச்சி, தலைமயிரில் செருகிய பூ. தண்ணீருக்கு மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். விழுங்கிவிடாமல், மூக்கால் மட்டும் மூச்சு விட்டு மலையேறியிருக்க வேண்டும். வெறுங்கையோடு ஏறினாலே எனக்கு வாயைத் திறந்துதான் மூச்சு வரும். மறுநாள் பூசைக்கு வந்த சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் பார்த்துப் பதறினார். இறைவனோ கனவில் வந்து, அந்த வாய்நீர் கங்கையைவிடத் தூயது என்றார். அன்புக்குக் கிடைத்த சான்றிதழ் அது, சரிதான். ஆனால் குனிந்து பார்க்கிறவனுக்கு வேறு யோசனை. அந்த ஒரு வாய்த் தண்ணீரில் எத்தனை மேஃப்ளைக் குஞ்சுகள் மலையேறினவோ! சேக்கிழாருக்கு அது தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்படுகிறது.

இன்று அதே ஆற்றில் மணல் லாரிகளின் தடமும் ஊர்ச் சாக்கடையும். தண்ணீர் கண்ணில் படுகிற பருவத்தில் திண்ணன் வந்து வாய் வைத்தால், சிவகோசரியார் பதறுவது இறைவனுக்காக இருக்காது, திண்ணனுக்காகத்தான் இருக்கும்.