ஊர் காட்டுதல்

கல்யாண வீட்டில் தமிழ் விரிவுரையாளனுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் மிகக் குறைவு. அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்ப்பது ஒன்று. வாழ்த்துமடல் எழுதித் தருவது இன்னொன்று (இதைப் பதினைந்து ஆண்டுகளாக மறுத்து வருகிறேன்). மூன்றாவது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. சென்ற ஆவணியில் என் அக்கா மகளுக்குப் புதுக்கோட்டையில் திருமணம் நடந்தபோது இந்த மூன்றாவது வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் முடிந்து பெரும்பாலோர் கிளம்பிவிட, பதினொரு பேர் மட்டும் ஒரு வேனோடு தங்கி மறுநாள் மாலை ஊர் திரும்புவதாக ஏற்பாடு. "தம்பி பார்த்துக்கிடும். அதுக்குத்தான் இந்த மலை, கல்வெட்டெல்லாம் தெரியும்" என்று அக்கா சம்பந்தியம்மாளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நான் ஒரு வாரம் முன்னதாகவே இரண்டு பக்கங்களுக்கு ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்துவிட்டேன். ஒன்பது இடங்கள். அவற்றைக் கால வரிசையில் அடுக்கியிருந்தேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மறுபடி வடக்கே ஒன்று. எந்த வேனும் நூற்றாண்டு வரிசையில் ஓடாது. மாப்பிள்ளையின் சித்தப்பா அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "சார், இதிலே அருவி ஒண்ணும் இல்லீங்களா?" என்றார். பிறகு கொடைக்கானல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார்.

வழி சொல்வது பற்றி நம் இலக்கியத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் சொல்லும் நீண்ட விடை. கொடும்பை என்னும் இடத்தில் பெரிய குளத்துக்கு அப்பால் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன, நடுவழியில் என்ன என்று விரித்துக்கொண்டே போவான். இடப்பக்கத்து மலையில் மூன்று பொய்கைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நீராடினால் ஒவ்வொரு பயன் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களோ கால் நொந்து வந்தவர்கள். கவுந்தி அடிகள் சமணத் துறவி. அந்தப் பொய்கைகளால் தமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மறையோன் செய்த தவற்றையே நானும் செய்திருக்கிறேன் என்பது அந்தச் சித்தப்பா அருவியைக் கேட்டபோதுதான் உறைத்தது. அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர் என்பர். என் பட்டியலில் அதுவும் ஐந்தாம் எண்ணாக இருந்தது.

ஆகவே திருத்திக்கொண்டேன். புதுக்கோட்டைக்குக் கல்யாணத்துக்கு வந்து ஒரு பகல் மிஞ்சி நிற்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். வயதானவர்கள் அதிகம் என்றால் தெற்கே திருமயம். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கோட்டைமேல் ஏறாவிட்டாலும் அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்து அருகருகே அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் போதும். இரண்டு கோயிலாருக்கும் நெடுநாள் நடந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி ஒருவன் முன்னின்று தீர்த்துவைத்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. சம்பந்திகள் இரு தரப்பாரையும் சேர்த்து அழைத்துப் போக அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நடக்கத் தெம்புள்ள இளைஞர்கள் என்றால் வடக்கே நார்த்தாமலை. மேலமலைப் பாறையில் விஜயாலய சோழீச்சரம் தனியாக நிற்கும். வெளியே சதுர விமானம், உள்ளே வட்டக் கருவறை. எதிரே உள்ள குடைவரையில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்பதைக் கண்டு சிறுவர்கள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பிறகு பாறை காலைச் சுடும். இசையில் பழக்கம் உள்ளவர் யாராவது இருந்தால் மட்டும் குடுமியான்மலை. ருத்ராசாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணாக்கர் நன்மைக்காக ஏழு பண்களின் சுரக்கோவைகளைப் பாறையில் வெட்டுவித்திருக்கிறான். மற்றவர்களுக்கு அது எழுத்து நிறைந்த ஒரு பாறை, அவ்வளவுதான். மழை என்றால் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம், 1910இல் தொண்டைமான் சமஸ்தானத்தில் தொடங்கப்பட்டது. சேர்ந்தாற்போல் பிரகதாம்பாளையும் தரிசித்துவிடலாம்.

எங்கள் பதினொருவருக்கும் நான் தேர்ந்தது சித்தன்னவாசல். ஊருக்குத் திரும்பும் திசையிலேயே இருந்தது காரணம். அங்கிருந்து அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வழியாகக் கொடும்பாளூரையும் பார்த்துக்கொண்டு அவர்கள் திருச்சி சேர்ந்துவிடலாம். நான் சித்தன்னவாசலிலேயே இறங்கிக்கொண்டு பேருந்தில் திரும்புவதாகத் திட்டம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வாசலில் நின்றது. அக்கா பதினொரு பேருக்கும் புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தண்ணீர் ஏற்றினாள். சம்பந்தியம்மாளின் மாமியாருக்கு மாத்திரை டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள். அப்போது அந்தப் பாட்டிதான் சன்னல் வழியாக, "நீங்களும் வாங்களேனுங்க, வேனிலே எடமிருக்குதே. நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க, இருந்தாலும் வாங்க" என்றார்.

அக்கா சிரித்தாள். "நான் எங்கம்மா பார்த்தேன்? பஸ்ல போறப்ப போர்டுதான் பார்த்திருக்கேன்" என்றாள்.

அக்காவை அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்து முப்பத்தொரு வருடங்கள் ஆகின்றன. சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர். முதுகலை மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துப் போகிறேன். ஆய்வாளர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒருமுறை கேரளத்துப் பேராசிரியர் ஒருவருக்காக ஒரே வாரத்தில் இரண்டு தடவை போனேன். போகும் நாள்களில் எல்லாம் பெரும்பாலும் அக்கா வீட்டில்தான் காலைச் சாப்பாடு. வந்த பேராசிரியர்களுக்கும் அவள்தான் இட்லி வைத்திருக்கிறாள். "நீயும் வா" என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்ததும் இல்லை. தோன்றவில்லை. இரண்டில் எது மோசம் என்று வேனில் போகும்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்திரக்காரன் பதினோரு மணிக்கு வருவான்" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் ஏறினாள். அத்தான், தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்.

அறிவர் கோயில் சிறியது. உள்ளறையின் நடுவே நின்று மெல்ல முனகினால் குரல் அறை முழுதும் அதிர்ந்து திரும்பும். அதைச் செய்து காட்டினேன். குழந்தைகள் ஆளுக்கு ஒருமுறை செய்து பார்த்தார்கள். சித்தப்பா நான்கு முறை. பிறகு முன்மண்டபத்து விதானத்தில் உள்ள தாமரைக்குளத்தைக் காட்டி வழக்கமான உரையைத் தொடங்கினேன். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு, மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் செய்த திருப்பணி. தீர்த்தங்கரரின் சமவசரணத்தைச் சூழ்ந்த காதிகா பூமி என்னும் நீர்நிலையே இது என்பர். ஓவியம் மிகவும் மங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்காமல் பார்த்தால் முதலில் கறைபோலத்தான் தெரியும். என் மாணவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

அக்கா கழுத்தை அண்ணாந்துகொண்டு நான் பேசுவதைக் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எருமை கிடக்கு பாரு தண்ணிக்குள்ள" என்றாள். பிறகு, "அந்தா மீனு. இவன் பூவைத் தண்டோட பறிச்சுத் தோள்ல போட்டிருக்கான். நம்ம ஊருக் கம்மாயில அப்படித்தான் கொண்டாருவாக." அந்தக் குளத்தில் எருமை உண்டு என்பது எனக்கும் தெரியும், பட்டியலில் கடைசியாகச் சொல்வேன். யானை, அன்னம் எல்லாம் முடிந்த பிறகு. சம்பந்தியம்மாளும் பாட்டியும் என்னை விட்டுவிட்டு அக்கா அருகில் போய் நின்றுகொண்டார்கள். கோவைப் பாட்டிக்கு அவள் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

ஏழடிப்பட்டத்துக்கு யாரும் வரவில்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குன்றின்மேல் ஏறி மறுபுறம் சரிவில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கீழே மரநிழலில் புளியோதரையைப் பிரித்துவிட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. "அங்கன என்ன இருக்கு?" என்றாள். சொன்னேன். "வந்தது வந்தாச்சு" என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்தாள்.

குகைத்தளத்தில் பதினேழு கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோலச் சற்று உயர்த்திச் செதுக்கியிருப்பார்கள். இங்கேதான் துறவிகள் தங்கினார்கள். நோன்பிருந்து உயிர் விட்டவர்களும் உண்டு என்பது மரபு. அவள் ஒரு படுக்கையைத் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பாகத்தான் இருக்கும், குளிர்ச்சியாகவும். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்துகள் இருப்பதைக் காட்டினேன். ஈராயிரம் ஆண்டு ஆகிவிட்டது என்றேன்.

"என்ன எழுதியிருக்கு?"

எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குத் தென்சிறுபோசில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று பொருள். எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்று ஐராவதம் மகாதேவன் கருதினார். எழுத்தமைதியையும் ஈற்றொலியையும் பற்றி நான் தொடர்வதற்குள் அக்கா கேட்டாள்: "அப்ப, வெளியூர்லேருந்து வந்தவுகளுக்கு உள்ளூர்க்காரவுக போட்டுக்கொடுத்த படுக்கையா?"

"ஆமாக்கா."

"போட்டுக்கொடுத்தவுக பேரையும் எழுதியிருக்காகளாக்கும்."

"எழுதியிருக்கு. இளையர்."

"பரவாயில்லையே" என்றாள். அந்த மூன்று நாள்களில் மண்டபத்திலும் விடுதியிலும் வீட்டு மொட்டைமாடியிலுமாக நூற்று இருபது பேருக்குப் பாயும் தலையணையும் போட்டவள் அவள். கல்லின்மேல் உட்கார்ந்து காலை நீட்டி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. கீழே வயல்வெளி. பிள்ளைகள் எங்கோ கத்தும் ஓசை. கால்மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்போம்.

இறங்கி வந்தபோது வேன் புறப்படத் தயாராக இருந்தது. கொடும்பாளூரில் மூவர் கோயிலைத் தவறவிட வேண்டாம், பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் இரண்டு மனைவியர் பெயராலும் கட்டியவை, மூன்றில் இரண்டுதான் நிற்கின்றன என்று சித்தப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "ரண்டு போதுங்க" என்றார். பாட்டி அக்காவின் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை.

அன்னவாசல் பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அக்கா சன்னலோரம். வழியில் ஒரு பெயர்ப்பலகை கடந்தது.

"குடுமியான்மலைக்கு இந்தப் பக்கமாத்தான் போகணுமா?"

"ஆமா. கல்யாண வேலையெல்லாம் ஓயட்டும், ஒரு ஞாயித்துக்கிழமை போவோம்."

"ஞாயித்துக்கிழமை மொய்க் கணக்குப் பார்க்க வாராக. சனிக்கிழமைன்னா வர்றேன்" என்றாள்.