மருந்து குறைத்தலும் மருத்துவமே

மருந்து என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் பெரும்பாலும் உணவின் அளவு பற்றியே பாடியிருத்தல், அதனை வகுப்பிற் கற்ற காலத்து எமக்கு வியப்பளித்தது. மருந்தின் பெயர் ஒன்றேனும் ஆண்டு இல்லை. மிகுதலும் குறைதலும் நோய்க்கு வித்து என்றே அது தொடங்குகின்றது. உணவிற்குரிய அவ்வளவு மருந்திற்கும் உண்டென்பதனை எம் பாட்டியாரைப் பேணும்போதுதான் யாம் உணர்ந்தோம்.

பாட்டியார்க்கு அகவை 82. டிமென்ஷியா என்று மருத்துவர் கூறும் முதுமை மறதிநோய் அவரைப் பற்றியுள்ளது. தாம் பெற்ற மக்களின் பெயரையும் மறந்தாராயினும், கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினால் அடி பிறழாது உடன் பாடுவார். சில திங்களுக்கு முன் அப்பாட்டும் நின்றது. நண்பகலிலும் தூங்கி வழிந்தார். சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்லவும் கை எழவில்லை. இருமுறை தவறி விழுந்தார். நோய் முற்றிற்று என்று உறவினர் அனைவரும் முடிவு கட்டினர்.

அப்பொழுது முதியோர் மருத்துவத்திற் பழகிய அம்மையார் ஒருவர், வீட்டிலுள்ள மாத்திரை அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொணருமாறு பணித்தார். ஒன்பது வகை இருந்தன. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மருத்துவர் எழுதியவை அவை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. ஒன்பதனையும் ஒருங்கு நோக்கினார்தாம் ஒருவரும் இலர்.

அவர் விளக்கியது இது. நினைவிற்குத் துணையாகும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் இந்நோயாளர் பலர்க்கு மூளையிற் குறைந்துவிடுகின்றது. எஞ்சியதனை அழியாது காத்தற்கே டோனெபெசில் என்னும் மாத்திரையைத் தருகின்றனர். மூக்கொழுகலுக்குத் தரும் குளோர்பெனிரமினும், சிறுநீரை அடக்கமாட்டாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினினும் அப்பொருளின் செயலையே தடுப்பவை. ஒருவன் வாய்க்காலின் கசிவை அடைத்து நீரைக் காக்க, மற்றொருவன் வயலின் மடையை அடைத்துவிடுதலை இஃது ஒக்கும். அன்றியும், சிறுநீர்த் தொல்லை சிலர்க்கு டோனெபெசிலாலேயே விளைவதுண்டாம். மருந்தின் விளைவைப் புதுநோயென்று கருதி அதற்கும் ஒரு மருந்து சேர்க்க, பை இவ்வாறே நிறைகின்றது.

முதியோர்க்கு ஆகாத மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1991-ஆம் ஆண்டிலேயே பட்டியலிட்டுள்ளனர். அது 2023-இலும் புதுக்கப்பெற்றது. உறக்க மாத்திரைகளும் யாம் மேற்கூறிய தடுப்பு மருந்துகளும் அதன்கண் உள்ளன.

இவற்றினும் அஞ்சத்தக்கவை சித்தப்பிரமைக்கென அமைந்த மருந்துகளை, இரவிற் கூவுதலும் அலைதலும் அடங்குமாறு இந்நோயாளர்க்குத் தருதல். பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டு பேராசிரியர் சுபே பானர்ஜி அரசினர்க்கு அளித்த அறிக்கை, அந்நாட்டில் மறதிநோயாளர் ஏறத்தாழ 1,80,000 பேர் ஓர் ஆண்டில் இம்மருந்துகளை உட்கொண்டனர் என்றும், ஓரளவேனும் பயன்பெறக்கூடியவர் 36,000 பேரே என்றும் கணித்தது. இவற்றால் ஆண்டுதோறும் மிகையாக நேர்ந்த இறப்பு 1,800 என்றும் அது கூறிற்று. அவ்வாண்டே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், இம்மருந்துகளை முன்னரே உண்டுவந்த 165 நோயாளருள் ஒரு சாரார்க்கு அவற்றைத் தொடர்ந்தும், மறுசாரார்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரை தந்தும் பார்த்தனர். இரண்டாண்டு கழிந்தபின் உயிருடன் இருந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 46, பின்னவருள் 71.

அற்றேல் இம்மருந்து யார்பொருட்டு? நோயாளர்பொருட்டோ, அயலிற் கிடந்து உறங்கவேண்டியவர்பொருட்டோ? இவ்வினா எம்மை நெடுநாள் வருத்திற்று. ஆயினும் இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் உழைக்கும் மகளிரைப் பழித்தற்கு யாம் உடன்படோம். எம் அன்னையார் அவருள் ஒருவர். பழிப்போர் ஓர் இரவேனும் அவர்க்கு மாற்றாக விழித்திருப்பராக! முதியவரின் கூச்சலுக்குப் பின்னே வலியோ, மலச்சிக்கலோ, தாகமோ, செவி கேளாமையால் எழும் அச்சமோ பலகாலும் மறைந்திருக்கும். அதனைக் கண்டறிதற்கு ஆளும் பொழுதும் வேண்டும். மாத்திரைக்கோ ஒரு மிடறு நீர் போதும்.

குறைத்தலும் மருத்துவர்வழியே நடத்தற்குரியது. நெடுநாள் உண்ட உறக்க மாத்திரையைத் திடீரென விடுத்தால் வலிப்பும் வரலாம். குருதியழுத்தம், நீரிழிவு முதலியவற்றின் மருந்துகளை வீட்டார் தாமே நிறுத்துதல் பேரிடர். ஒரு காலத்தில் ஒன்றையே, சிறிது சிறிதாகக் குறைத்து, விளைவை நோக்கியிருத்தல் வேண்டும். நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவாரையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாக வள்ளுவர் வகுத்ததன் பொருத்தம் ஈண்டு விளங்குகின்றது. பேணுவார் கண்டு கூறினாலன்றி விளைவை அறிவார் யார்?

பாட்டியார்க்கு நான்கு திங்களில் மூன்று மருந்துகள் நின்றன. சினத்தை அடக்கும் மாத்திரையைக் குறைத்தபோது மட்டும் அந்திவேளைக் கூச்சல் மீண்டது. ஆகவே அதிற் பாதியளவு தொடர்கின்றது. நினைவு திரும்பவில்லை. எம் அன்னையாரைப் பெரியம்மையின் பெயரிட்டே இன்றும் அழைக்கின்றார். ஆனால் நண்பகலில் விழித்திருக்கின்றார். தம் கையாலேயே உண்கின்றார். சென்ற ஞாயிறு கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தை யாம் மறந்து தயங்கியபோது, தாமே எடுத்துப் பாடினார்.