வவுனியாவில் 48 மணித்தியாலம்

வன்னி நாட்டில் ஓர் ஊரின் பெயரைக் கேட்டாலே அங்கு ஒரு குளம் உண்டென்பதை அறிந்துகொள்ளலாம். கனகராயன்குளம், புளியங்குளம், நெளுக்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வைரவப்புளியங்குளம் என, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் பிரயாணியை எதிர்கொள்ளும் பெயர்களிற் பல தண்ணீரின் பெயர்களே. மாரியிற் பொழியும் மழையை மண்ணணை கட்டித் தேக்கிவைத்து, கோடையிலும் அதனைக் கொண்டு பயிர்செய்து வாழப் பழகிய நாடு இது. அத்தகைய குளம் ஒன்று இரண்டே இரவுகளில் ஒரு கணினித் திரைக்குள் வந்து சேர்ந்த கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என்னை வவுனியாவுக்கு அழைத்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் இருந்தபோது, தமிழ்ப் பாடவேளையில் அவன் கையிலிருந்த கைப்பேசியைப் பறித்தெடுத்தேன். “விளையாடேல்லை சேர், ஒரு விளையாட்டுச் செய்து பாக்கிறன்” என்றான். நான் நம்பவில்லை. அந்தக் கைப்பேசி ஒரு தவணை முழுவதும் என் மேசை லாச்சியிற் கிடந்தது. இப்பொழுது அவன் பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திற் பயில்கிறான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. தை மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, “பிள்ளையளுக்குக் கணினி தெரியும் சேர், தமிழ் பாக்கத்தான் ஆள் இல்லை. ஒரு வெள்ளி பின்னேரம் வந்தால் ஞாயிறு பின்னேரம் திரும்பலாம்” என்றான். கைப்பேசியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்டி வீதியில் ஆனையிறவையும் கிளிநொச்சியையும் மாங்குளத்தையும் கடந்து பேருந்து விரைந்தது. ஓமந்தையில் அது நிற்காமற் செல்வது என் வயதினருக்கு இன்றும் சிறு வியப்பே. சமாதான காலமாகிய 2002 முதல் 2006 வரை இவ்வழியே பிரயாணஞ் செய்தோர், அங்கு இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் நடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். பேருந்தில் என்னருகே இருந்த பையன் தன் கைப்பேசியில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். ஓமந்தை கழிந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

வைரவப்புளியங்குளத்துக்கு அண்மையில், ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடியில் பதினெட்டுப் பேர் கூடியிருந்தனர். பல்கலைக்கழக மாணவர் சிலர். உயர்தர வகுப்பினர் பலர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் இவர்களுட் சிலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை.

இக்கூட்டத்துக்குக் ‘கேம் ஜாம்’ என்று பெயர். பாணிற் பூசும் ஜாமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜாஸ் இசைவாணர் முன்னேற்பாடின்றி ஒருங்குகூடி வாசித்துப் பார்ப்பதை ஜாம் என்பர். அங்கிருந்து வந்த சொல் இது. ஒரு பொருளைக் கொடுத்து, குறித்த மணித்தியாலத்துக்குள் ஒரு விளையாட்டை ஆக்கி முடிக்கவேண்டும் என்பதே விதி. ‘விளையாட்டைக் கொடுத்தல்’ எனப் பொருள்படும் ‘லூடம் டாரே’ என்ற இலத்தீன் பெயருடன் 2002இல் தொடங்கிய இணையவழிப் போட்டி இவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. 2009ஆம் ஆண்டுத் தை மாத இறுதியில் ‘குளோபல் கேம் ஜாம்’ முதன்முறையாக 23 நாடுகளில், 53 இடங்களில் நடைபெற்றது. அதன் 2013ஆம் ஆண்டுக் கூட்டத்திலே சொல்லுக்குப் பதிலாக இதயத்துடிப்பின் ஓசையைப் பொருளாகக் கொடுத்தார்கள். அதைக் கேட்ட லண்டன் இளைஞர் சிலர், தடுமாறும் கைகளால் இதய சத்திரசிகிச்சை செய்யும் வேடிக்கை விளையாட்டு ஒன்றை இரண்டே நாளில் ஆக்க, ‘சேர்ஜன் சிமுலேற்றர்’ என்ற பெயரில் அது பின்னர் உலகெங்கும் விலைபோயிற்று.

நம் மாணவர் எந்த அமைப்பையும் சாராமல், அவற்றைப் பார்த்துத் தாமாகவே கூடியவர்கள். பரிசு இல்லை, நடுவரும் இல்லை. வெள்ளி மாலை ஆறு மணிக்கு, ஒரு மண்சட்டியிலிருந்து துண்டுக் கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார்கள். ‘மிச்சம்’ என்ற சொல் வந்தது.

நான் சேர்ந்த குழுவில் நால்வர். இருவர் நிரல் எழுதுபவர்கள், ஒருவன் சித்திரக்காரன், நான்காமவள் நகருக்கு வெளியே ஒரு சிற்றூரிலிருந்து வந்த கமக்காரர் மகள். எஞ்சிய தண்ணீரைக் கொண்டு சிறுபோகஞ் செய்வதையே விளையாட்டாக்கலாம் என்று அவள்தான் முதலிற் சொன்னாள். எல்லோரும் உடன்பட்டார்கள். உடனே நிரல் எழுதுபவன் கேட்டான்: “சரி, எதிரி ஆர்?”

அக்கேள்வி இரவு பதினொரு மணி வரை முடிவு காணவில்லை. யானை என்றான் ஒருவன். “அதுக்கும் தண்ணி வேணும்தானே” என்று அவள் மறுத்தாள். அடுத்த ஊரான் என்றான் மற்றவன். இரவில் வந்து வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்புபவன். அதுவே நல்ல விறுவிறுப்பு என்று முடிவாகி, தடியும் துவக்கும் வரையத் தொடங்கினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாயெழவில்லை. இன்றைய பிள்ளைகள் கண்ட விளையாட்டுகளிற் பெரும்பாலானவை சுடுவதும் சாவதுமே. ஆயினும் இந்த மண்ணிலே, இந்த வயதுப் பிள்ளைகள், எதிரி யார் என்று தேடிக்கொண்டிருந்ததைக் கேட்க என் நெஞ்சு கனத்தது. மௌனமாயிருந்தேன்.

மறுநாட் காலையில், “ஒருக்கா குளத்தைப் பாத்திட்டு வருவம்” என்றாள் அவள். அவ்வூருக்குச் சென்றோம். தை மாதக் குளம் கரை தளும்ப நின்றது. அணைக்கட்டின் மீது நடந்தால், ஒருபுறம் தாமரையும் நீர்க்காகமும். மறுபுறம் கதிர் முற்றிவரும் காலபோக நெல். அவள் தந்தையார் துருசைக் காட்டினார். மிகை நீர் பாயும் வானைக் காட்டினார்.

“தண்ணீர் குறைந்தால் என்ன செய்வீர்கள்?” என்று வினவினேன்.

“அறுவடை முடிய எல்லாரும் கூடுவம் மாஸ்டர். குளத்திலை மிச்சம் எவ்வளவு எண்டு பாத்து, இத்தனை ஏக்கர்தான் எண்டு தீர்மானிப்பம். துருசுக்குக் கிட்ட உள்ள காணியிலைதான் விதைப்பு. தூரத்துக் காணிக்காரனுக்கும் அதுக்குள்ளை ஒரு பங்கு.”

“உங்கள் காணியில் மற்றவர் விதைப்பதா?”

“அந்தப் போகத்துக்கு மட்டும். அவனைக் காயவிட்டால், நாளைக்கு அணைக்கட்டு உடைஞ்சால் மண் போட ஆர் வருவான்?”

திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை. கல்வி நிலையத்தை அடைந்ததும் சித்திரக்காரன் தடியையும் துவக்கையும் அழித்தான். அடுத்த ஊரானை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அவனுக்கும் ஒரு வயல் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் எஞ்சியவை வெயிலும் நாட்களுமே.

கணினி விளையாட்டு என்பது, பார்ப்பதற்குச் சித்திரம்; உள்ளே கணக்கு. ஒவ்வொரு நொடியிலும் பல தடவை கணினி, ஆடுபவர் என்ன செய்தாரென்று பார்த்து, கணக்கைத் திருத்திப் படத்தை மீள வரைகிறது. துருசு திறந்தால் குளத்தில் இவ்வளவு குறையும், வாய்க்காலில் இவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், வயலுக்கு இவ்வளவு சேரும் என்று ஒவ்வொன்றையும் எண்ணாற் சொல்லவேண்டும். அன்றிரவு ஒரு பிழை நேர்ந்தது. குளம் வற்றிய பின்னும் துருசு திறந்தேயிருந்தமையால், நீரின் அளவு பூச்சியத்துக்குக் கீழே சென்றுவிட்டது. பயிரோ செழித்து வளர்ந்தது. கடன்வாங்கிய தண்ணீரில் விளைந்த அந்த நெல்லைக் கண்டு எல்லோரும் சிரித்தோம். ஒரே வரியிற் பிழை திருந்திற்று. அந்த வரியைக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம் சென்றது.

பெரிய இடர் தமிழால் வந்தது. ஆர்ஜென்டீனா நாட்டவர் இருவர் ஆக்கி, 2014இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட ‘கோடோ’ என்ற மென்பொருளையே மாணவர் கையாண்டனர். அதன் நான்காம் பதிப்பு, 2023இல் வெளிவந்தது, நம் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும். எங்கள் பழைய கணினியில் இருந்ததோ மூன்றாம் பதிப்பு. கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. உகரம் மெய்யோடு சேரவில்லை. “இங்கிலிஸிலை போடுவமே?” என்றான் ஒருவன். என்னை அழைத்ததன் பயன் அப்பொழுதுதான் எனக்கே விளங்கிற்று. வெள்ளைத் தாளில், தடித்த பேனையால், வேண்டிய சொற்கள் இருபத்தாறையும் எழுதிக் கொடுத்தேன். அவற்றைப் படம் பிடித்து, சித்திரங்களாகவே திரையில் ஒட்டினார்கள். ‘மதகு’ என்று பாடநூற் சொல்லை எழுதிய என்னை அவள் திருத்தினாள். “எங்கடை ஊரிலை துருசு, சேர்.” துருசு என்றே எழுதினேன். இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதி அழிந்த என் கையெழுத்து, ஒரு விளையாட்டினுள் அழியாமல் நிற்கிறது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நான்கு குழுக்களும் தத்தம் விளையாட்டைக் காட்டின. எங்களுடையதில் இசை இல்லை. மாடுகள் ஆடுகளைப் போல இருந்தன. ஆயினும் தொடக்கமும் முடிவும் இருந்தன. மகளை அழைத்துச் செல்ல வந்த தந்தையாரைக் கணினியின் முன் இருத்தினோம். அதுவரை ஆடிய அனைவரும் துருசுக்கு அண்மையிலுள்ள வயலையே முதலில் நனைத்துத் தோற்றவர்கள். அவர் திரையைச் சற்று நேரம் பார்த்தார். “கடைசி வயல் எது?” என்று கேட்டார். அதற்கே முதலிற் பாயவிட்டு, பின் படிப்படியாக மேலே வந்தார். ஒரு வயலும் காயவில்லை. குளத்தில் விரற்கடை நீர் மிச்சமாயிருந்தது. அவ்வாறு வெல்லலாம் என்பது அதனை ஆக்கிய நால்வருக்கும் தெரியாது!

பேருந்து நிலையம் வரை என் பழைய மாணவன் உடன் வந்தான். இரண்டு நாளும் கேட்க எண்ணியதை அங்கேதான் கேட்டேன்.

“அண்டைக்குக் கைப்பேசியிலை செய்த விளையாட்டு என்ன ஆனது?”

“அது முடியேல்லை சேர்” என்றான், சிரித்தபடி. அச்சிரிப்பிலே குற்றச்சாட்டு இல்லை. எனக்கோ அது போதுமானதாயிருந்தது.

வீட்டில் ஒரு பிள்ளை திரையின் முன் குனிந்திருப்பதைக் காணும் பெற்றோர்க்கும் என் சக ஆசிரியர்க்கும் ஒன்று சொல்வேன். பறிப்பதற்கு முன், என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். சொன்ன பதிலை ஒரு தடவை நம்பிப் பாருங்கள். பறிக்கவேண்டியவையும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மேசை லாச்சியை இப்பொழுதெல்லாம் நான் பூட்டுவதில்லை.