அமிர்தியில் சும்மா இருந்தோம்!

காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையில் அச்சிடுகிறார்களே, அது யாருக்காக என்று எப்போதாவது யோசித்ததுண்டா, சகோதரிகளே? நிச்சயமாக நமக்காக இல்லை! அன்றைக்கு நமக்கு ஒரு டிபன் அதிகம், அவ்வளவுதான். அப்படியிருக்க, ஒரு முழு நாள் அடுப்படிப் பக்கமே போகாமலிருக்க இரண்டு பெண்களுக்குக் கொடுத்து வைத்தது. கொடுத்தவர் வருண பகவான். இடம், ஜவ்வாது மலையைச் சேர்ந்த அமிர்தி.

நானும் என் நாத்தனாரும் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். சிரிக்காதீர்கள்! எனக்கு வயது 52, அவருக்கு 58. நேர் வழியில் சுமார் 80 கிலோமீட்டர். "ஒரே நாளில் ஓட்டிக்கொண்டு போக நாம் என்ன தந்தியா கொண்டு போகிறோம்?" என்றார் நாத்தனார். ஆகவே முதல் நாள் கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர் மிதித்து, அமிர்தியில் தெரிந்தவர்கள் பிடித்துக் கொடுத்த ஓர் அறையில் தங்கினோம். மறுநாள் விடியும் முன்பே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பிரயாணம் நின்றது.

நாத்தனார் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்துவிட்டார். எழுந்தவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "யாருக்குக் காபி போடுவது?" என்றார். குரல் என்னவோபோல் இருந்தது.

அவர் கதையைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. ஆனால் கொஞ்ச காலந்தான். மாமியார் படுத்த படுக்கையானார், பிறகு கணவர். சைக்கிள் திண்ணையில் துருப்பிடித்தது. போன வருஷம் இருவரும் போய்விட்டார்கள். இப்போது காபி கேட்க ஆள் இல்லை. சென்னையில் இருக்கும் மகன், "வந்துவிடு அம்மா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்" என்கிறான். போனால் மறுபடியும் அடுப்பு. போகாவிட்டால் இந்த நிசப்தம். இந்தத் தீராத கணக்கைத்தான் அவர் கூடவே சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"அக்கா, வாருங்கள். இன்றைக்கு ஊர் பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். இருவருக்கும் ஒரே குடை.

அமிர்தி பெரிய ஊர் அல்ல. காடு, ஆறு, அருவி, 1967-ல் ஏற்பட்ட சிறு மிருகக்காட்சிச்சாலை. இவைதான் அதன் சொத்து. புள்ளிமான்கள் மரத்தடியில் ஒண்டியிருந்தன. மயில் ஒன்று நனைந்த தோகையோடு, துவைத்த புடவையை உலர்த்த இடம் தேடுபவள்போல் நின்றது. நாத்தனார் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அருவிக்குப் போகக் காவலர் விடவில்லை. மலையில் பெய்யும் மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடுமாம்.

டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கே சாமை விற்க வந்த மலையாளிப் பாட்டி ஒருவர், தம் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றார். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, காஞ்சிக்குக் கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மனிதர்கள் வந்த திசைக்கே தண்ணீர் போகிறது! அதை நாத்தனாரிடம் சொன்னேன். "தண்ணீர் போகிற வழியெல்லாம் தன் பேரைக் கொண்டு போகிறது. நாம்தான் விட்டுவிட்டுப் போகிறோம்" என்றார்.

நான் அவருக்கு ஆனி லண்டன்டெரியைப் பற்றிச் சொன்னேன். 1894-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலிருந்து சைக்கிளோடு உலகம் சுற்றக் கிளம்பிய பெண்மணி அவர். கடலைக் கப்பலில் கடந்து, மறு வருஷம் திரும்பினார்.

"குழந்தை குட்டி உண்டோ?"

"மூன்று. கணவரிடம் விட்டுவிட்டுப் போனாராம்."

நாத்தனார் டீயை ஆற்றிக்கொண்டே வெகு நேரம் மழையைப் பார்த்தார். கடைசியில், "சென்னைக்குப் போகிறேன். சைக்கிளோடு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் என்னுடையது" என்றார்.

மறுநாள் வெயில் அடித்தது. கண்ணமங்கலம், போளூர் வழியாக அண்ணாமலையாரைத் தரிசித்தோம்.

இப்போது அவர் சென்னையில்தான் இருக்கிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்கிறது. மகன் காபி போடக் கற்றுக்கொண்டுவிட்டானாம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கலாம்!

நீங்களும் ஒரு தரம் அமிர்திக்குப் போய் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் குடை அவசியம். காட்டாற்றில் கால் வைக்கவே வேண்டாம். சமையல் சாமானை மாத்திரம் தயவு செய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!