பாதித் தறியை நிறுத்தினால்

வெள்ளகோவில் பக்கம் தறிக்குடோனைத் தேடிப் போகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. நாடா அடிபடும் சத்தமே கூட்டிக்கொண்டு போய்விடும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், குறுக்கு நூலாகிய ஊடையைச் சுமக்கும் நாடா ஒரு பக்கம் அடிவாங்கிப் பறந்து, மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சு வந்து ஊடையை அடித்துச் சேர்க்கிறது. மரமும் இரும்பும் மோதும் இந்தச் சத்தத்தைச் சிமெண்ட் அட்டைக் கூரை வேறு கீழே திருப்பி அனுப்பும்.

பதினாறு தறி ஓடும் குடோனில் எட்டை நிறுத்தினால் சத்தம் எவ்வளவு குறையும்? யாரைக் கேட்டாலும் பாதி என்பார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 3 டெசிபல்தான் இறங்கும். 97 இருந்தால் 94. காதுக்கு அது லேசான குறைவு, அவ்வளவுதான். சத்தம் பாதியானது போலத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும்.

காது இப்படித்தான் கணக்குப் போடும். கேட்டும் கேட்காத மெல்லிய ஒலிக்கும் காதை வலிக்கச் செய்யும் ஒலிக்கும் நடுவில், ஆற்றலில் ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். இவ்வளவையும் ஒரே உறுப்பு சமாளிக்க வேண்டுமென்றால் பெரிய சத்தத்தைச் சுருக்கித்தான் காட்ட முடியும். டெசிபல் என்ற மடக்கைக் கணக்கும் அதற்காகத்தான். ஆனால் காதுக்குள் விழும் அடி சுருங்குவதில்லை. 3 டெசிபல் ஏறினால் ஆற்றல் இரு மடங்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று வைக்கும் அமெரிக்கப் பரிந்துரையின்படி 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி. நாடாத் தறிக்குடோன்களில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். ஷிப்டோ பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம்!

அடி விழும் இடம் உட்செவியின் நத்தை எலும்பு. விரித்தால் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். வாசல் பக்கம் இருப்பவை கீச்சொலிக்கு, உள்ளே போகப் போகத் தடித்த ஒலிக்கு. ஒலி அலை நத்தை எலும்புக்குள் இப்படி ஓடுவதைக் கண்டு சொன்னதற்காகத்தான் விஞ்ஞானி பெக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு. இரண்டரை சென்டிமீட்டர் காதுக்குழாய் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் இரைச்சலில் முதலில் சாவது அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸுக்கான செல்கள். செத்தது செத்ததுதான். கோழிக்குஞ்சுக்கு அவை திரும்ப முளைப்பதை 1988-இல் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முப்பது வருசத்துக்கு மேல் தறி ஓட்டிய பெரியவர் ஒருவரைத் தெரியும். "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு. இவனுக பேசறதுதான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்பார். வீட்டில் இதை வீம்பு என்று நினைக்கிறார்கள். அவர் சொல்வது அறிவியல்படி சரி. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழேயும். ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேலே. பசி, பதி, படி மூன்றும் அவருக்கு ஒன்றுபோல வந்து சேரும். பேத்தி பேசுவது கேட்கும், சொல் மட்டும் நழுவும். அவள் கத்தினால் உயிரொலிதான் பெரிதாகிறது, மெய் அதே இடத்தில் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினால் பாதி விளங்கும். அவர் பேச்சை உதட்டிலும் பார்க்கிறார். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் இதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள்.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று விதியும் வந்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் குடோனை அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது அபூர்வம்.

காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிதாகத் தடுக்காது, காற்றுக்கு வழி இருந்தால் ஒலிக்கும் வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, காதை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலால் பிடித்திருந்தால் நன்றாகத் தடுக்கும். "அடைச்சுட்டா தறி கோளாறு எப்படிங்க தெரியும்?" என்ற கேள்வி நியாயமானது. நாடா சரியாகப் போகிறதா என்பதைத் தறிக்காரர் காதால்தான் கண்டுபிடிக்கிறார். ஆனால் காது நல்லபடியாக இருப்பவருக்கு, இவ்வளவு சத்தத்தில் அடைத்த காது சில நேரம் தெளிவாகவே கேட்கும். மொத்த இரைச்சலும் தாழ்வதால் காது திணறாது. ஏற்கெனவே செவி போனவருக்கு மட்டும் அது உதவாது. இளவட்டங்கள் செய்வதுதான் எனக்குக் கவலை. காதில் இயர்போனை மாட்டி, தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும் வரை பாட்டை ஏற்றிவிடுகிறார்கள். தறியின் சத்தத்தோடு அதற்கு மேல் ஒன்றும் அதே செல்களில் விழுகிறது, அதுவும் ஷிப்டு முடியும் வரை.