உராய்வு யாரால் வந்தாலும் இழப்பீடு உண்டு: சிவகாசி சொல்லும் பாடம்!

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக சிவகாசிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், இந்த மண்ணின் கதை பாதி புரிந்துவிடும். வறண்ட கரிசல் காடு, சீமைக் கருவேலம், நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவைதான் பட்டாசு ஆலைகள். ஊர்க்காரர்கள் வாயில் அது 'பயர் ஆபீஸ்'. ஓர் அறை வெடித்தாலும் பக்கத்து அறைக்குத் தீ தாவக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி.

1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923ல் சிவகாசியில் அந்தத் தொழில் தொடங்கியது. அதே 1923ல்தான் வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டமும் இந்தியாவில் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே வயது. ஆனால் தீப்பெட்டி எட்டிய வீடுகளையெல்லாம் சட்டம் எட்டவில்லை.

யார் தவறு?

சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வார்த்தை உண்டு: 'உராய்வு'. மருந்தைக் கையாண்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 'நம்ம ஆள் மேலதானே தப்பு' என்று குடும்பமும் ஒதுங்கிவிடுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்து, தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ, அவருடைய கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்ப முடியாது.

2025 நவம்பர் முதல் அந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை.

வக்கீல் கட்டாயமா?

இல்லை. இந்த வழக்கைத் தொழிலாளர் துறை அதிகாரி விசாரிக்கிறார். காயம்பட்டவரோ, இறந்தவரின் வாரிசோ தாமே மனு கொடுத்து, தாமே பேசலாம். எழுதிக் கொடுத்தால் பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகியும் அவர் சார்பில் பேசலாம்.

கணக்கும் ரகசியமல்ல. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வட்டி சேரும். தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் சறுக்கல், துக்க வீட்டில் கைமாறும் ரொக்கம். மரண இழப்பீட்டை அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

இரண்டாவது, முதலாளி யார் என்றே தெரியாதது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். மனுவில் இருவரையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, காலம். விபத்து அல்லது மரணம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று, வாரிசுச் சான்றிதழ், சம்பளத்துக்கு ஏதாவது ஓர் ஆதாரம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வைப்பது நல்லது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், கூட வேலை பார்த்தவர்களைச் சாட்சி சொல்லச் சொல்லலாம்.

ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கழகமே உதவித்தொகை தரும். ஆலையில் வேலை பார்க்காமல், அக்கம்பக்கத்தில் இருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 5 ஆண்டுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஆண்டாள் ஊரில் ஒரு கதவு

சிவகாசிக்கு மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன இந்த ஊரில்தான் விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடினால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை இது. போனில் கேட்க 15100.

தானே பேசுவது உரிமைதான். தனியாகவே போராட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர்த்தரப்பில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் நிற்கும்போது, காசில்லாமல் கிடைக்கும் துணையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எந்த வழியில் போனாலும், விபத்து நடந்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்து, அந்த 2 ஆண்டு முடிவதற்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.